கால் மணி நேர இன்ஜின் வைத்தியம்

போன வியாழக்கிழமை மதியம், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில், ஒரு மினி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னால் நாற்பது மூட்டை கேரட். என் இடது பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பனிமூட்டம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்த மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டாஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. எண்ணெய்க் கேன் படம் போட்ட விளக்கு. ‘இன்ஜினுக்குள் ஆயில் போகவில்லை’ என்று அதற்கு அர்த்தம்.

அந்த விளக்கு எரிந்ததற்குக் காரணம்... நான்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபத்தைந்து வருஷம் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். லீவு, அட்டெண்டன்ஸ், லாரி டிரிப் ஷீட் — எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. நாற்காலிதான் போயிற்றே தவிர அந்தக் குரல் போகவில்லை. வீட்டில் பால்காரரிடம்கூட ஆர்டர் போடுகிற மாதிரிதான் பேசுகிறேனாம்.

வண்டி யோகராஜுடையது. எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டியவர். கைக்குழந்தையாக அவரைத் தூக்கிக்கொண்டு இலங்கையிலிருந்து வந்து, இங்கே தோட்டத்தில் சேர்ந்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். தேயிலைப் பாதையில் அவர் ஓட்டாத வளைவு கிடையாது. தினமும் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நிற்பார். ‘யோகராஜ், ஃபேக்டரிக்கு இன்னொரு டிரிப் போகணும்’ என்பேன். ‘சரிங்க கிளார்க்கம்மா.’ ‘நாளைக்கு லீவு தர முடியாது.’ ‘சரிங்க கிளார்க்கம்மா.’ இருபது வருஷத்தில் அவரிடமிருந்து நான் வேறு வார்த்தை கேட்டதாக ஞாபகம் இல்லை. எவ்வளவு மரியாதையான மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்!

போன மாதம் அவர் வேலையை விட்டார். சொந்த வண்டி என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. வேலையை விட்டால் எஸ்டேட் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். செய்தார். கேத்தி பக்கம் வாடகைக்கு ஒரு வீடு. கையில் இருந்தது, மனைவி தவமணி காதில் இருந்தது எல்லாம் சேர்ந்து, தேவர்சோலையில் ஒருவரிடம் பழைய மினி லாரியாக மாறியது.

வாங்கியதும் நேராக என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். மூடியின் உள்பக்கம் காப்பி நிறத்தில் ஏதோ கிரீம் மாதிரி அப்பியிருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“என்னங்க அது?” என்றேன்.

“கசடுங்க. உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியல.”

மெக்கானிக் நாச்சிமுத்துவின் ஷெட்டுக்குப் போனோம். ‘போனோம்’ என்று பன்மையில் எழுதுகிறேன், கவனியுங்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நாச்சிமுத்து அன்னூர்க்காரர், மலையேறி வந்து ஷெட் போட்டு வருஷக்கணக்காகிறது. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, கெட்டியாக, அல்வா பதத்தில் அப்பிக் கிடந்தது. ஸ்பேனர் முனையால் ஒரு வழி வழித்து எங்களுக்குக் காட்டினார். அது சொட்டவே இல்லை.

“ஏனுங் யோகராஜ், இது உள்ள ஊத்திக் கழுவற சமாச்சாரம் இல்லீங். கீழ ஆயில் நிக்கற சம்ப்பக் கழட்டோணும். ஆயில உறிஞ்சி மேல அனுப்பறதுக்கு ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்குதுல்ல, சல்லடை, அத வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணோணும். ரெண்டு நாள் உட்டுப்போட்டுப் போங்க.”

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை எமரால்டு கிராமத்தில் ஒரு விவசாயியிடம் கேரட் லோடு ஒப்புக்கொண்டிருந்தார் யோகராஜ். முதல் லோடு. அன்று போகாவிட்டால் அந்த விவசாயி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார், அப்புறம் இந்த வண்டியை எதற்கு நினைக்கப்போகிறார்?

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஏதோ ஒரு திரவம். பழைய ஆயிலோடு கலந்து ஊற்றி, கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட வேண்டும். கசடெல்லாம் கரைந்துவிடும். வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் முடிந்தது. வீடியோவில் வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டைதான் எனக்கு நம்பிக்கை தந்தது என்று இப்போது தோன்றுகிறது.

“கால் மணி நேர வேலைக்கு எதுக்கு ரெண்டு நாள்?” என்றேன்.

நாச்சிமுத்து என்னைப் பொறுமையாகப் பார்த்தார். “வேண்டாமுங் மேடம். கொஞ்சமா அழுக்கு இருக்கற எஞ்சினுக்கு அது ஆகும். இத்தன இருக்கறதுக்கு ஆகாது. ஒட்டீட்டு இருக்கறது பேந்து கீழ வந்து, சல்லடைய அடைச்சுக்கும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் சொல்ல முடியுமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. “ரெண்டு நாள் வேலைன்னு நீங்க சொல்லத்தான் செய்வீங்க” என்றேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “உங்க இஷ்டமுங்” என்று யோகராஜைப் பார்த்தார்.

யோகராஜ் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

“சரிங்க கிளார்க்கம்மா.”

கால் மணி நேரம் ஓடவிட்டோம். வடித்தபோது டிகாக்‌ஷன் மாதிரி கன்னங்கரேல் என்று வந்தது. “பார்த்தீங்களா!” என்று நான் நாச்சிமுத்துவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். புது ஆயில் ஊற்றியதும் இன்ஜின் சத்தம்கூட மெத்தென்று ஆகியிருந்தது. இரண்டு நாளும் அந்த வீட்டில் நான்தான் கதாநாயகி. முதல் லோடுக்கு நீங்களே தேங்காய் உடைக்க வேண்டும் என்று தவமணி வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

உடைத்தேன். கோவையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், மேட்டுப்பாளையம் வரை அப்படியே வண்டியில் வருகிறேன் என்று ஏறியும் கொண்டேன். யோகராஜ் ஸ்டியரிங்கில், நடுவில் தவமணி, ஜன்னலோரம் நான். என் காலடியில் ஒரு முக்கோண மரக்கட்டை கிடந்து இடித்துக்கொண்டே இருந்தது. சரிவில் நிறுத்தினால் டயருக்கு முட்டுக் கொடுப்பதற்கு. மலை வண்டி எதிலும் இருக்கும்.

காட்டேரிப் பூங்கா தாண்டிய பிறகு ஒரு வளைவில் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. உடனே அணைந்தது.

யோகராஜ் பார்த்துவிட்டார். வேகத்தை மட்டும் குறைத்தார்.

அடுத்த வளைவில் மறுபடி சிமிட்டியது. அதற்கடுத்த வளைவில் எரிய ஆரம்பித்தது, அணையவே இல்லை. கூடவே இன்ஜினுக்குள்ளிருந்து ‘டிக்... டிக்... டிக்...’ என்று ஒரு சின்னச் சத்தம். செவ்வாய்க்கிழமை இல்லாத சத்தம்.

“என்ன யோகராஜ் அது?”

“ஆயில் ஏறலீங்க.”

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மலைப்பாதை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இந்த விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடலாம். ஆயில் இல்லாமல் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி, சில நிமிஷத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆனால் லோடு வண்டி மலை இறங்கும்போது இன்ஜினை அணைத்தால்? பிரேக்குக்குப் பலம் கொடுப்பதே இன்ஜின்தான். அணைத்த பிறகு ஒன்றிரண்டு மிதி பிடிக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அணைக்காவிட்டால் இன்ஜின் போகும், அணைத்தால் நாங்கள் போவோம்.

அப்படியானால் நிறுத்திவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே நிறுத்துவது? இடது பக்கம் பள்ளம். ஒதுங்க ஓர் அடி இடம் இல்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால்தான் பாதை திரும்பி, மலைச்சரிவு எங்கள் இடது பக்கம் வரும். அங்கே மண்மேட்டில் சாய்த்து நிறுத்தலாம். அதாவது, இன்னும் ஒரு வளைவு.

இதெல்லாம் யோகராஜின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் மனதில் என்ன ஓடியது? வீடியோ.

“ஆஃப் பண்ணுங்க!” என்று கத்தினேன். “சிவப்பு லைட் எரிஞ்சா உடனே இன்ஜினை ஆஃப் பண்ணணும்! சாவியைத் திருப்புங்க, யோகராஜ்!”

அப்போது நான் பார்த்ததை இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன். அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டு சாவியிடம் போனது.

அவருக்குத் தெரியும், அணைக்கக் கூடாது என்று. இருபது வருஷம் இந்த மலையில் லோடு இறக்கிய மனிதர். ஆனாலும் கை போனது. நான் சொல்லிவிட்டேன் அல்லவா? விரல்கள் சாவியைத் தொட்டன. தவமணி இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

பிறகு கை திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது.

“பேசாம வாங்க கிளார்க்கம்மா!”

அதட்டல். சுத்தமான அதட்டல். நான் வாயை மூடினேன்.

வளைவு வந்துவிட்டது. அதே நேரம் கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நிற்க வேண்டும். இது இங்கே சட்டம் என்பதைவிடப் பழக்கம். நின்றோம். பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. எங்கள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. ‘டிக் டிக்’ இப்போது ‘டக் டக்’ ஆகிவிட்டிருந்தது. அங்கேயே அணைத்துவிடலாம் என்றால், அந்தச் சரிவில், அந்த லோடோடு, ஒரு வாரம்கூடப் பழகாத ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டும். யோகராஜ் நம்பவில்லை. பிரேக்கை மிதித்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. குன்னூர்க் குளிரில்!

பஸ் ஜன்னலில் ஒரு சின்னக் குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ் போனதும் யோகராஜ் வளைவை எடுத்தார். முதல் கியரில், நடக்கிற வேகத்தில். பாதை திரும்பியது. இடது பக்கம் ஈர மண்ணும் புல்லுமாக மலைச்சரிவு வந்தது. அதை ஒட்டி வண்டியை நிறுத்தி, பிரேக்கில் ஏறி நின்றார்.

“எறங்குங்க. அந்தக் கட்டைய எடுங்க. முன் டயருக்கு முன்னாடி வச்சு நல்லா ஒதைங்க. சீக்கிரம்!”

கதவுப் பக்கம் இருந்தது நான்தானே? கதவு பாதிதான் திறந்தது. அந்தச் சந்தில் நுழைந்து, சேற்றில் முழங்கால் புதைய விழுந்து, எழுந்து, கட்டையை டயருக்கு முன்னால் வைத்து உதைத்தேன். அறுபத்தோரு வயதில் ஒரு மரக்கட்டையை அப்படி உதைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“இன்னும் ஒரு ஒதை!”

“சரிங்க!” என்றேன்.

வண்டி ஓர் அங்குலம் நகர்ந்து கட்டையில் முட்டி நின்றது. அவர் சாவியைத் திருப்பினார். எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது.

அப்புறம் நடந்தது, இந்த மலையில் எப்போதும் நடப்பதுதான். பின்னால் பாதி லோடோடு வந்த இன்னொரு கேரட் லாரி, நாங்கள் கை காட்டும் முன்பே நின்றது. டிரைவரும் யோகராஜும் மூட்டைகளை மாற்றினார்கள். கேரட் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் போகவில்லை.

தவமணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வேலையையும் விட்டாச்சுங்க. லைன் வீட்டையும் குடுத்தாச்சு. இன்ஜின் போயிருச்சுன்னா மறுபடி அங்கயே போயி நிக்கணும். சேத்துக்குவாங்களான்னு தெரியல” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அவமானமாக இருந்தது. என் வீட்டுத் தேங்காயை உடைத்திருந்தால் நான்தான் அழ வேண்டும். நான் உடைத்தது இவள் வீட்டுத் தேங்காய், பிழைப்பு போனால் அழ வேண்டியது இவள்.

மறுநாள் காலை. கட்டி இழுத்துக் கொண்டுவந்த வண்டிக்கு அடியில் நாச்சிமுத்து மல்லாந்து படுத்திருந்தார். சம்ப்பைக் கழற்றி இறக்கினார். அந்தச் சல்லடையை எடுத்துக் காட்டினார். ஓட்டைகள் என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரே கறுப்புப் பிசின். நான் கால் மணி நேரத்தில் கரைத்த கசடு, முழுக்க அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த மனிதர் கடைசிவரை அதைச் சொல்லவே இல்லை.

“இப்ப பேரிங்கப் பாக்கோணும்” என்றார். கிராங்க் என்கிற இன்ஜினின் முக்கியத் தண்டு சுற்றுவதற்கு அரைவட்டமாகச் சில உலோகத் தகடுகள் இருக்கின்றன. ஆயில் இல்லாமல் ஓடினால் முதலில் அடி வாங்குவது அவைதான். “நகத்த வச்சு இழுப்பனுங். வழுக்குச்சுன்னா பொழச்சோம். நகம் மாட்டுச்சுன்னா வேலை பெருசு.”

முதல் தகடு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் இழுத்தார். வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதும். நான்காவதில் நகம் நின்றது.

யோகராஜ் ஷெட்டின் தகரத்தில் சாய்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து டார்ச்சை வாங்கி, உள்ளே கிராங்கையே நகத்தால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

“தகடுதான் தேஞ்சிருக்குதுங். கிராங்க் தப்பிச்சுருச்சு. தகட்ட மாத்திக்கலாம். இன்னொரு பர்லாங் ஓட்டியிருந்தா எஞ்சின் அவ்வளவுதானுங்.”

யோகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நாச்சிமுத்து இன்னொன்றையும் காட்டினார். இன்ஜினில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. இன்ஜின் போதிய சூடு ஏறும்வரை, அதைக் குளிர வைக்கும் தண்ணீரைத் தடுத்து வைப்பது. இந்த வண்டியில் அது இருக்க வேண்டிய இடம் காலி. வண்டியை முன்பு வைத்திருந்தவர்கள் கழற்றிவிட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் வண்டி கொதித்துவிடுமோ என்ற பயத்தில் மலைக்காரர்கள் செய்கிற வேலை. வால்வும் இல்லை, அவர்களிடம் இருந்தவரை தேயிலைத் தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் ஓட்டம், வருஷம் பூராவும் ஈரக்காற்று. இன்ஜின் ஒருநாளும் சரியாகச் சூடே ஆனதில்லை. உள்ளே வேர்த்து, தண்ணீர் ஆயிலோடு கலந்து, இந்த அல்வா. சூட்டுக்குப் பயந்தோம், குளிர் தின்றுவிட்டது.

“நானே இந்த மலைல நெறைய வண்டிக்குக் கழட்டியிருக்கறனுங். இனிமே கழட்டறதில்ல” என்று அவராகவே ஒப்புக்கொண்டார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? செவ்வாய்க்கிழமை பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். “அட உடுங்க மேடம்” என்று மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

யோகராஜிடம் கேட்பதற்குத்தான் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

“யோகராஜ், அந்தத் திரவம் ஊத்தினா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்க சொல்லிட்டீங்களே.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கோபமும் இல்லை. ‘இன்று வெள்ளிக்கிழமை’ என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இருபது வருஷம்! எத்தனை ‘சரிங்க’ கேட்டிருப்பேன்? அதில் எத்தனை, சொல்லாமல் விழுங்கிய ‘வேண்டாமுங்க’? ஆடி மழையில் மண் சரிந்துகொண்டிருந்தபோது ‘இன்னொரு டிரிப்’ என்றேனே, அன்றும் ‘சரிங்க’தானே சொன்னார்? அந்தப் பாதை எப்படி இருந்தது என்று நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? மரியாதை என்று நினைத்துச் சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தால்... வேண்டாம். உங்களிலும் யாராவது ஆபீசில், வீட்டில் அதட்டிப் பழகியவர்கள் இருந்தால், ராத்திரி ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. புதுத் தகடு, புது வால்வு, சுத்தமான சல்லடை. எமரால்டுக்காரர் இரண்டாவது லோடும் கொடுத்துவிட்டார்.

நேற்று யோகராஜ் வீட்டுக்கு வந்திருந்தார். “பின் டயர் தேஞ்சிருக்குங்க. மாத்தலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா கிளார்க்கம்மா?”

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். “உங்க வண்டி. நீங்க என்ன நினைக்கறீங்க?”

அவர் பதறிப்போனார். “ஏங்க, ஒடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கேன். சொல்லுங்க.”

டீ ஆறும்வரை யோசித்தார். “மாத்திடலாம்னு இருக்கேங்க.”

“நல்லது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டயர் கடை இருக்கு, அங்கேயே...” பழக்கதோஷம், வாய் நழுவிவிட்டது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தக் கடை வேணாங்க கிளார்க்கம்மா. அங்க டயர் நல்லா இருக்காது.”

கடை என் சொந்தத் தம்பியுடையது. பரவாயில்லை!